பழம்பாட்டின் சொல்லும் இன்றைய செவியும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, திருக்குறளில் ‘நாற்றம்’ என்று வந்தால் நறுமணம் என்று பொருள் கொள்ளச் சொல்கிறார்கள். கெட்ட வாடை என்று ஏன் கொள்ளக்கூடாது?

பதில்: குறளையே கேட்டுப் பாருங்கள். ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்போல் பேதை / நகைமொக்குள் உள்ளதொன் றுண்டு’ (1274). மலராத அரும்புக்குள் மணம் அடங்கியிருப்பதைப் போல, அவளுடைய அரும்பு நகைக்குள் ஒரு குறிப்பு அடங்கியிருக்கிறது என்று காதலன் மகிழ்ந்து சொல்கிறான். இங்கே கெட்ட வாடையை வைத்தால் உவமை உடைந்துவிடும். ‘நாறு’ என்பது அக்காலத்தில் மணம் வீசுவதற்கான பொதுச்சொல். பிற்காலப் பேச்சுவழக்கு அதைக் கெட்ட வாடைக்கே ஒதுக்கிவிட்டது.

கேள்வி: ‘மாடல்ல மற்றை யவை’ என்ற குறள் கால்நடை வளர்ப்பைக் குறைத்துப் பேசுகிறதா?

பதில்: இல்லை. அங்கே ‘மாடு’ என்றால் செல்வம். முதலடியில் ‘விழுச்செல்வம்’ நிற்பதைப் பார்த்தாலே தெளிந்துவிடும். இரண்டு அடியே உள்ள குறளில் ஓரடியை மட்டும் படிக்காதீர்கள்.

கேள்வி: ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ (புறநானூறு 192) என்பதில் ‘கேளிர்’ என்றால் ‘எல்லாரும் கேளுங்கள்’ என்றுதானே பொருள்? ஊருக்குச் செய்தி சொல்லும் பாட்டு என்றே நான் படித்துவருகிறேன்.

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். முதலில் தொடரின் அமைப்பைப் பாருங்கள். ‘யாதும்’ என்ற அஃறிணைச் சொல்லுக்கு ‘ஊர்’ பயனிலை. ‘யாவரும்’ என்ற உயர்திணைச் சொல்லுக்குக் ‘கேளிர்’ பயனிலை. எல்லா இடமும் எம் ஊர், எல்லா மக்களும் எம் உறவினர் என்று இரண்டு பெயர்ப்பயனிலைகள் இணையாக நிற்கின்றன. இரண்டாவதை ஏவலாக்கினால் அந்த இணை குலைந்துபோகும். அடுத்து, பலரை ஏவ நினைக்கும் புலவர் எப்படிச் சொல்வார் என்பதற்கு அதே தொகையில், மூன்று பாட்டுத் தள்ளிச் சான்று இருக்கிறது: ‘அல்லது செய்தல் ஓம்புமின்’ (புறநானூறு 195). அங்கே முதியோரை முன்னிறுத்திப் பேசுவதால் ‘மின்’ விகுதி வருகிறது. 192ஆம் பாட்டிலோ முன்னிலையே இல்லை. ‘தெளிந்தனம்’, ‘இலமே’ என்று தன்மைப் பன்மைதான் பேசுகிறது. கடைசியாக, குறுந்தொகை 40: ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’. என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர் என்று தலைவன் கேட்கிறான். இங்கே ‘கேளுங்கள்’ என்று வைத்துப் படிக்க உங்களாலேயே முடியாது.

கேள்வி: ‘நாற்றம்’ என்பதன் பழைய பொருள் என்ன?

பதில்: முதல் கேள்விக்கான பதிலில் இருக்கிறது.

கேள்வி: ‘முறை’ என்ற சொல்லின் வேர் தமிழா, வடமொழியா?

பதில்: வேர்ச்சொல் ஆய்வு என் துறையன்று. மொழியியல் கற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ‘கேளிர்’ பற்றிய உங்கள் விளக்கத்தை நான் ஏற்கவில்லை. குறுந்தொகையில் உறவு என்றால் புறநானூற்றிலும் உறவாகவே இருக்க வேண்டுமா? ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கக்கூடாதா?

பதில்: தாராளமாக இருக்கலாம், நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. ஒரு பாட்டின் பொருளை அப்படியே தூக்கி இன்னொன்றில் வைக்கக்கூடாது என்றுதான் நானும் சொல்லிவருகிறேன். இந்த இரண்டு பாட்டிலுமே அதற்குச் சான்று உண்டு. குறுந்தொகையில் ‘முறை’ என்பது உறவுமுறை. புறநானூற்றில் ‘ஆருயிர் முறைவழிப் படூஉம்’ என்னும்போது அது ஊழ். கல்லில் மோதி ஓடும் பேராற்று நீரின் வழியே மிதவை போவதாக முந்தைய அடிகள் சொல்வதால், அங்கே உறவுமுறைக்கு இடமில்லை. ‘முறை’ மாறியதற்குப் பாட்டுக்குள்ளேயே காரணம் இருக்கிறது. ‘கேளிர்’ மாறியதாகச் சொல்ல நீங்கள் காட்டும் காரணம் இன்றைய செவிக்குக் கேட்கும் ஒலி மட்டுமே. அந்த ஒலியை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: கழகம் என்றால் சூதாடும் இடமா? அகராதியில் பார்த்து அதிர்ந்துபோனேன்.

பதில்: ‘கவறும் கழகமும் கையும் தருக்கி’ (935) என்ற குறளில் அப்படித்தான், அதிகாரமே சூது. ஆனால் கம்பர் ‘கலைதெரி கழகம்’ என்று பாடும்போது அது கல்வி பயிலும் இடம். அகராதி எல்லாப் பொருளையும் வரிசையாக அடுக்கும். எது எந்தப் பாட்டுக்கு உரியது என்பதைப் பாட்டுத்தான் சொல்லும்.

கேள்வி: நாற்றம் என்ற சொல் நல்ல பொருளில் வேறெங்காவது வருகிறதா?

பதில்: ‘கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ’ என்று ஆண்டாள் கேட்கிறார். இந்தச் சொல்லைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

கேள்வி: ‘கேளிர்’ உறவினர் என்றே ஏற்கிறேன். ஆனால் அதற்குப் பின் வரும் பாட்டுக்கும் அந்த உறவுக்கும் என்ன தொடர்பு?

பதில்: முதலடியோடு நிறுத்தாமல் முழுப்பாட்டையும் படித்தவர்தான் இதைக் கேட்க முடியும், மகிழ்ச்சி. எல்லா உயிரும் ஒரே ஆற்றில் செல்லும் மிதவை என்று தெளிந்தவருக்கு ஒருவர் உயர்வும் மற்றவர் தாழ்வும் பெரிதாகத் தோன்றுவதில்லை. அதனால்தான் ‘பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே’ என்று முடிக்கிறார். ‘அதனினும்’ என்ற சொல்லில் நின்று படியுங்கள். இரண்டையும் அவர் ஒரே அளவில் மறுக்கவில்லை. வியப்பதைவிட இகழ்வதை இன்னும் அழுத்தி விலக்குகிறார். எல்லாரும் உறவினர் என்று முதலடியில் சொன்னவர், எளியவரிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதை அந்தச் சொல்லில்தான் வைத்திருக்கிறார்.