ஓநாய் மறுக்கட்டும்

கேள்வி: நண்பர்களோடு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு (2014 விதிகள்) ஆடுகிறோம். என் பாத்திரம் காப்ளின் என்ற குட்டிப் பூதம், வாகனம் காட்டில் பிடித்த ஓநாய். மூன்றே வாரத்தில் அது டூவீலர் மாதிரி ஆகிவிட்டது. ஏறுகிறேன், போகிறேன், இறங்குகிறேன். அதற்கு எப்படி உயிர் கொடுப்பது?

பதில்: குதிரைக்கான விதியை ஓநாய்க்குப் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சவாரிக்குப் பழகிய விலங்கைத்தான் ஆட்டக்காரர் ஓட்ட முடியும். குதிரை, கழுதையெல்லாம் பழகியவை என்றே கணக்கு. அவை உங்கள் டர்னிலேயே, அதாவது உங்கள் முறையிலேயே, நகரும். வேகமாக ஓடும், நழுவும், தற்காத்துக்கொள்ளும், அவ்வளவுதான். காட்டு ஓநாய் இந்தக் கணக்கில் வராது. யார் எப்போது ஆடுவது என்ற இனிஷியேட்டிவ் வரிசையில் அதற்குத் தனி இடம் உண்டு, முடிவும் அதனுடையதுதான். நீங்கள் வேண்டாம் என்றாலும் ஓடிப்போகலாம், பாயலாம், குற்றுயிராகக் கிடக்கும் எதிரியைத் தின்ன ஆரம்பிக்கலாம். இது நான் சேர்த்த மசாலா இல்லை, விதியிலேயே இருக்கிறது.

அதனால் முதல் வேலை, ஓநாயை உங்கள் கையிலிருந்து விடுங்கள். டிஎம், அதாவது கதையை நடத்துபவர், ஆடட்டும். அவருக்கு நேரமில்லை என்றால் பக்கத்து நண்பரிடம் கொடுங்கள். தன் டர்ன் வரும்வரை போனை நோண்டும் ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவர்தான் சரியான ஆள். நீங்கள் கேட்க வேண்டும், அவர் மறுக்கலாம். எப்போதுமே மறுத்தால் ஆட்டம் நகராது என்பதால், பசி, நெருப்பு, மற்ற ஓநாய்களின் வாசனை என்று மறுப்புக்கு மூன்று காரணங்களை முன்பே பேசி வையுங்கள்.

அப்புறம், அதட்டிப் பணியவைத்து 'ஆல்ஃபா', அதாவது கூட்டத் தலைவன், ஆகும் காட்சி வேண்டவே வேண்டாம். அந்த எண்ணம் 1947-இல் விலங்கியலாளர் ருடால்ஃப் ஷெங்கல் அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதியதிலிருந்து வளர்ந்தது. காட்டுக் கூட்டம் பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1999-இல் விளக்கினார். அப்படியானால் உங்கள் காப்ளின் அந்தக் குடும்பத்தில் யார்? இரையில் பங்கு கொடுக்கும் அண்ணனா, எப்போதும் முதுகில் தொங்கும் குட்டியா? இதை முடிவுசெய்தாலே பாதிக் காட்சிகள் தானாக வரும்.

காட்சியை விவரிக்கும்போது 'ஓநாய் பயந்தது' என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். தொங்குபாலம் ஒன்று வருகிறது என்று வையுங்கள்:

'முன்னங்கால் பலகையில் பட்டதும் வெடுக்கென்று எடுத்தது. காதுகள் பின்னால் மடிந்தன. தொடைக்கு அடியில் அதன் மூச்சு நின்றதைக் காப்ளின் உணர்ந்தான். பிடரி மயிரைப் பிடித்திருந்த விரல்களை மெதுவாகத் தளர்த்தினான்.'

இங்கே நிறுத்திவிட்டு, பாலத்தில் ஏறுமா என்பதை ஓநாயை ஆடுபவரிடம் விடுங்கள்.

இறங்கிய பிறகும் ஓநாய் அங்கேதான் இருக்கிறது, பலர் மறப்பது இதைத்தான். நார்ஸ் புராணத்தில் ஹிர்ரோக்கின் என்ற அரக்கி, பாம்புகளைக் கடிவாளமாகப் பிடித்து ஓநாய் மேல் பால்டர் என்ற கடவுளின் இறுதிச் சடங்குக்கு வருவாள். அவள் இறங்கியதும் நான்கு முரட்டு வீரர்கள் சேர்ந்தும் அதை நிறுத்திவைக்க முடியவில்லை. கடைசியில் கீழே சாய்த்துத்தான் அடக்கினார்கள். உங்கள் ஆட்டத்தில் சத்திரத்துக் குதிரை லாயம் இருக்குமே, அங்கே ஓநாயைக் கட்டிப் பாருங்கள். ஒரு மாலைக்கான கதை கிடைக்கும்.

கொஞ்சம் கணக்கு. வாகனம் சவாரி செய்பவரைவிட ஓர் அளவாவது பெரிதாக இருக்க வேண்டும். ஓநாய் நடுத்தர அளவு என்பதால் காப்ளின், ஹாஃப்லிங் போன்ற சிறியவர்களுக்குச் சரி. மனிதருக்கு டயர் ஓநாய் என்ற பெரிய வகைதான். ஏறவோ இறங்கவோ உங்கள் வேகத்தில் பாதி செலவாகும். எதிரி ஓநாயைக் கீழே தள்ளிவிட்டால், சுற்றுக்கு ஒருமுறை கிடைக்கும் பதில் செயலான ரியாக்‌ஷனைச் செலவழித்துக் காலூன்றி இறங்கலாம், இல்லாவிட்டால் நீங்களும் விழுவீர்கள். வார்க் என்ற ஓநாய் போன்ற கொடிய ஜந்துவை எடுக்கலாமா என்று யோசிப்பீர்கள். அது காப்ளின் மொழியே பேசும், அறிவு 7. அதன் மேல் ஏறுவது சவாரியைவிட பேரம் பேசுவதுதான்.

சாதாரண ஓநாய்க்கு 11 ஹிட் பாயிண்ட்தான் (அடி தாங்கும் அளவு), ஒரு தீக்கோளம் போதும். பூஜ்யத்துக்கு வந்ததும் உடனே சாகுமா, உங்களைப் போல அதற்கும் உயிர்பிழைக்கப் பகடை உருட்டும் ரோல் உண்டா என்பதை அடுத்த சண்டைக்கு முன்பே டிஎம்மிடம் கேட்டுவிடுங்கள்.