வாட்ச் எண்ணுவது காலடியை மட்டும்தான்

கேள்வி: வீட்டில் மூன்று பேருக்கும் ஸ்டெப்ஸ் எண்ணும் வாட்ச் வாங்கினோம். 9 வயது மகளுக்குத் தினமும் 12,000 தாண்டுகிறது. ஆனால் பந்தைப் போட்டால் பிடிக்க வரவில்லை. எனக்கு 40 வயது. 9,000 நடந்தும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 72 வயது அம்மா 4,000ஐத் தாண்டுவதில்லை. கேட்டால் ‘எனக்கென்ன குறை’ என்கிறார். எங்களில் யார் ஃபிட்? வீட்டிலேயே அளந்து பார்க்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே அளவுகோலை வைத்ததில்தான் குழப்பமே. எவ்வளவு அசைகிறோம், எவ்வளவு நேர்த்தியாக அசைகிறோம், உடல் எவ்வளவு தாங்குகிறது என்பவை தனித்தனிக் கணக்குகள். வாட்ச் பார்ப்பது முதல் கணக்கை, அதிலும் ஒரு பகுதியை. சைக்கிள் மிதித்தாலும் கனம் தூக்கினாலும் காலடிக் கணக்கில் அது சரியாக ஏறாது. எல்லோரும் துரத்தும் 10,000 என்ற எண்கூட ஆய்விலிருந்து வந்ததல்ல. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்றுதான் பொருள்.

மகளிடமிருந்து தொடங்குவோம். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க விளையாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ‘நேற்று எவ்வளவு நேரம் விளையாடினாய்’ என்று அவளையே கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் ஓடுவதும் நிற்பதும் நொடிக்கணக்கில் மாறும்; அந்த வயதில் அதை நினைவிலிருந்து கூட்டிச் சொல்ல முடியாது. அவள் அசைவது போதும் என்றே தெரிகிறது. குறை திறனில். அதற்கு எண்ணிக்கை உதவாது, கண்தான் வேண்டும். பத்துப் பதினைந்து அடி (3–4.5 மீட்டர்) தள்ளி நின்று சிறு பந்தைக் கீழ்க்கையாக மெதுவாகப் போடுங்கள். பந்து வருமுன் முழங்கை மடங்கி, கைகள் உடலுக்கு முன்னால் தயாராகின்றனவா? பந்தை நோக்கிக் கைகள் நீள்கின்றனவா? விரல்களால் பிடிக்கிறாளா, முகத்தைத் திருப்பிக்கொண்டு மார்போடு அணைக்கிறாளா? அடுத்து அவளை எறியச் சொல்லுங்கள். வலக்கையால் எறியும்போது இடக்கால் முன்னே வர வேண்டும். வலக்காலே வந்தால் இடுப்பு திரும்பாது, பந்தும் தூரம் போகாது. போனில் படம் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். வளர்ந்தால் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுவோர் அதிகம். வராது. சொல்லிக்கொடுத்துப் பழக்க வேண்டும். பெரிய, மெத்தென்ற பந்தில் தொடங்கினால் பயம் போகும்.

உங்கள் விஷயத்தில் குறைவது வேகம். நாள் முழுவதும் சிறுகச் சிறுகச் சேரும் 9,000 அடி இதயத்துக்கு அவ்வளவாக வேலை தராது. நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான தீவிரம். வாரத்துக்கு 150 நிமிடமாவது அப்படி அமைய வேண்டும். அளக்க எளிய வழி: சமதரையில் 1.6 கிலோமீட்டரை முடிந்த வேகத்தில் நடந்து, எடுத்த நேரத்தையும் முடித்த உடனே நாடித்துடிப்பையும் குறித்துவையுங்கள். ஆறு வாரம் கழித்து அதே பாதை, அதே ஷூ, அதே வேளை. நேரமும் துடிப்பும் குறைந்திருந்தால் முன்னேற்றம். ஒன்று மட்டும்: இந்த மூச்சிரைப்பு சமீபத்தில் வந்ததென்றால், அல்லது மார்பு இறுக்கமும் சேர்ந்தால், சோதனையெல்லாம் அப்புறம். முதலில் டாக்டர். ரத்தசோகைகூடக் காரணமாக இருக்கலாம்.

மூவரில் நான் கவலைப்படுவது அம்மாவைப் பற்றித்தான். 4,000 அடி அதற்குக் காரணமில்லை. அவர் நாற்காலியிலிருந்து எழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? தொடையில் கையூன்றி, முன்னால் ஒரு ஆட்டம் ஆடி எழுகிறார் என்றால் கால் வலு குறைந்திருக்கிறது. அவருக்கே அது தெரிந்திருக்காது. கைப்பிடியில்லாத, சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரு கைகளையும் மார்பின் குறுக்கே மடக்கிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ணுங்கள். 70–74 வயதுப் பெண்களுக்கு 10க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயம் உண்டு என்று கொள்ளலாம். கையூன்றித்தான் எழ முடிகிறது என்றால் மதிப்பெண் பூஜ்யம். இன்னொன்று: நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் வழக்கமான நடையில் போய், திரும்பி வந்து உட்கார 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். ஆனால், அதுவும் விழும் அபாயத்தின் அறிகுறிதான். இரண்டு சோதனையிலும் யாராவது கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். தலைசுற்றலோ மூட்டுவலியோ இருக்கும் நாளில் வேண்டாம்.

எண் குறைவாக வந்தால் அவரைக் கூடுதலாக நடக்கச் சொல்லி விரட்டாதீர்கள். பிசியோதெரபிஸ்டிடம் காட்டி, கால் வலுவுக்கும் சமநிலைக்கும் வாரத்தில் மூன்று நாள் பயிற்சி கேட்டு வாங்குங்கள். அப்படியே, மூவரின் ஸ்டெப்ஸையும் வரிசைப்படுத்திக் காட்டும் அந்தப் போட்டிப் பட்டியலை ஆப்பில் அணைத்துவிடுங்கள்.