சம்பளத்தில் பிடிக்கும் வரி போதுமா? அமெரிக்க வரிக் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் சம்பளம் வாங்குகிற நம்மவர்கள், ஃபெடரல் வரிப் பிடித்தம் பற்றி அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. எண்களெல்லாம் 2025 வரியாண்டுக்கு உரியவை.

டாலஸ்: அக்கா, எனக்குச் சம்பளம் 1,20,000 டாலர், மனைவிக்கு 1,00,000. இரண்டு பேருக்கும் மாதாமாதம் வரி பிடிக்கிறார்கள். இருந்தும் ஏப்ரலில் 13,000 டாலர் கட்ட வேண்டி வந்தது. கம்பெனி தப்பாகப் பிடித்துவிட்டதா?

கம்பெனி தப்பு செய்யவில்லை தம்பி. இரண்டு பேரும் டபிள்யூ-4 படிவத்தில் (எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்லும் படிவம்) ‘சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதி’ என்று டிக் போட்டுவிட்டு, ஸ்டெப் 2-ஐக் காலியாக விட்டிருப்பீர்கள். என்னிடம் வருகிற தம்பதிகளிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், வீட்டுக்கு வருகிற ஒரே சம்பளம் உங்களுடையதுதான் என்று உங்கள் கம்பெனியின் சம்பளப் பிரிவான பேரோல் எடுத்துக்கொள்ளும். தம்பதிக்கு வரியில்லாமல் விடுகிற நிலையான கழிவான ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனை முழுசாகக் கழித்து, மிச்சத்துக்கு 10, 12 சதவீதத்திலேயே கணக்கை முடித்துவிடும். மனைவியின் கம்பெனியும் அதே கழிவை இன்னொரு முறை கொடுக்கும். இரண்டும் சேர்ந்து வருஷத்துக்குச் சுமார் 18,000 டாலர்தான் பிடித்திருக்கும்.

உண்மைக் கணக்கு வேறு. இருவர் சம்பளமும் சேர்ந்த 2,20,000-இல் அந்தக் கழிவு 31,500 ஒரே முறை போனால் 1,88,500. அதில் 96,950-க்கு மேற்பட்டதெல்லாம் 22 சதவீதத்துக்குப் போகும். மொத்த வரி ஏறக்குறைய 31,300. அந்த 13,000 இப்படித்தான் வந்தது.

இருவரும் புது டபிள்யூ-4 கொடுத்து, ஸ்டெப் 2சி கட்டத்தில் டிக் போடுங்கள். இரண்டு படிவத்திலும் போட வேண்டும், அதுதான் முக்கியம். குழந்தைகளுக்கான ஸ்டெப் 3-ஐ மட்டும் ஒருவர் படிவத்தில், சம்பளம் அதிகமுள்ளவருடையதில் நிரப்பினால் போதும். ஒருவர் சம்பளம் மற்றவருடையதில் பாதிகூட இல்லையென்றால் 2சி தேவைக்கு மேல் பிடித்துவிடும். அப்போது வரித்துறையான ஐ.ஆர்.எஸ். தளத்திலுள்ள வித்ஹோல்டிங் எஸ்டிமேட்டரில் (பிடித்தத்தைக் கணக்கிடும் கருவி) போட்டுப் பாருங்கள். இலவசம், பெயரோ சோஷியல் செக்யூரிட்டி எண்ணோ கேட்காது.

சார்லட்: நடு வருஷத்தில் நானே சரிபார்க்க எளிய வழி உண்டா?

உண்டு. போன வருஷ 1040 படிவத்தில் (ஆண்டு வருமான வரித் தாக்கல்) 24-ஆவது லைனைப் பாருங்கள். மொத்த வரி அதில்தான் இருக்கும். நிறையப் பேர் ரீஃபண்ட் தொகையை மட்டும் பார்த்துவிட்டுப் படிவத்தை மூடிவிடுகிறார்கள். பிறகு ஜூன் கடைசிச் சம்பளச் சீட்டை (பே ஸ்டப்) எடுத்து, வருஷத் தொடக்கத்திலிருந்து பிடித்த ஃபெடரல் வரியைப் பாருங்கள். அது அந்த 24-ஆவது லைனில் பாதியாவது இருக்க வேண்டும். சம்பளம் கூடியிருந்தால் அதற்கு மேலேயே இருக்க வேண்டும்.

வரி குறைவாகப் பிடித்திருந்தால் வருகிற அபராதத்துக்கும் விதி இருக்கிறது. பாக்கி 1,000 டாலருக்குக் குறைவு, அல்லது இந்த வருஷ வரியில் 90 சதவீதம் கட்டியாயிற்று, அல்லது போன வருஷ வரி முழுவதற்கும் சமமாகக் கட்டியாயிற்று என்றால் அபராதம் கிடையாது. போன வருஷ வருமானம் 1,50,000-ஐத் தாண்டியிருந்தால் கடைசியில் சொன்னது 110 சதவீதம். தப்புவது அபராதம் மட்டும்தான், பாக்கி வரியைக் கட்டியே ஆக வேண்டும்.

சியாட்டில்: மேடம், எனக்கு ஆர்.எஸ்.யு. (கம்பெனி கொடுக்கும் பங்கு) கைக்கு வரும்போதே வரி எடுத்துக்கொள்கிறார்களே, அப்புறம் என்ன கவலை?

பெரும்பாலும் தட்டையாக 22 சதவீதம்தான் எடுப்பார்கள். நீங்கள் 32 சதவீதப் படியில் இருந்தால் 50,000 டாலர் பங்குக்கு 16,000 வரி வரும், ஆனால் பிடித்தது 11,000. ஒவ்வொரு முறையும் 5,000 குறைகிறது. போனஸுக்கும் இதே கதைதான்.

எடிசன்: ஊரில் அம்மா என் என்.ஆர்.இ. (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு) டெபாசிட்டைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை. இங்கே?

இங்கே உண்டு. அமெரிக்க வரிக்கு நீங்கள் ரெசிடென்ட் என்றால் உலகத்தில் எங்கே வந்த வருமானமும் கணக்கில் சேரும். ஆண்டு வட்டியை டபிள்யூ-4-இன் 4ஏ கட்டத்தில் (மற்ற வருமானம்) எழுதினால் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். வெளிநாட்டுக் கணக்குகளின் இருப்பு மொத்தமாக எந்த நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் (வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை) தாக்கலும் தனியாக உண்டு.

ஆஸ்டின்: என் பிள்ளைகள் எச்-4 விசாவில் இருக்கிறார்கள். ஐ.டி.ஐ.என். (சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர்களுக்கான வரி எண்) தான் இருக்கிறது. குழந்தைகளுக்கான 2,200 டாலர் வரிச் சலுகை கிடைக்குமா?

அப்படியென்றால் ஆளுக்கு 500 டாலர் சலுகைதான், 2,200 அல்ல. சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்கிற பிள்ளைக்கும், 17 வயது முடிகிற வருஷத்திலேயே 500-ஆகக் குறைந்துவிடும். ஸ்டெப் 3-ஐத் திருத்துங்கள்.

டெம்பி: நான் எஃப்-1 மாணவன், ஓ.பி.டி.யில் (மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) முதல் வேலை. டபிள்யூ-4-இல் ‘எக்ஸெம்ப்ட்’ (வரிப் பிடித்தத்திலிருந்து விலக்கு) என்று எழுதச் சொல்கிறார்கள் நண்பர்கள்.

எழுதாதீர்கள். அமெரிக்க வரிக்கு நான்-ரெசிடென்ட்டாக இருக்கும்வரை உங்களுக்கு விலக்கு இருப்பது சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகளுக்குத்தான். வருமான வரி உண்டு. டபிள்யூ-4-இன் 4சி கட்டத்துக்குக் கீழே ‘நான்-ரெசிடென்ட் ஏலியன்’ என்று எழுதிக் கொடுங்கள். தாக்கல் செய்யும்போது இன்னொன்றை விட்டுவிடாதீர்கள்: இந்திய மாணவர்கள் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவுப்படி ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுக்கலாம்.

சான் ஹோசே: நவம்பரில்தான் 3,000 டாலர் குறைவது தெரிந்தது. காலம் கடந்துவிட்டதா?

இல்லை. சம்பளத்தில் பிடிக்கும் வரியை ஐ.ஆர்.எஸ். வருஷம் முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே எடுத்துக்கொள்ளும், டிசம்பரில் பிடித்தாலும். இன்னும் மூன்று சம்பளம் பாக்கியிருந்தால் டபிள்யூ-4-இன் 4சி கட்டத்தில் (ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாகப் பிடிக்க வேண்டிய தொகை) 1,000 எழுதிக் கொடுங்கள். அமலுக்கு வர ஒரு மாதம்வரை ஆகலாம், எந்தச் சம்பளத்திலிருந்து பிடிப்பார்கள் என்று பேரோலில் இன்றே கேளுங்கள். ஜனவரி வந்ததும் அந்த 1,000-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஒரு டபிள்யூ-4 கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு சம்பளத்திலும் அது போய்க்கொண்டே இருக்கும்.