டயர் எங்கே விடுது? ட்ராக் நாள் கேள்வி பதில்

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ சொந்தக் காரை முதல் தடவை ஓட்டப் போகிறவர்களுக்கு. ரோட்டு கார், ரோட்டு டயர் மட்டும். பொது ரோட்டில் செய்து பார்க்க வழி கேட்டால் பதில் கிடைக்காது.

கே: ஃப்ரன்ட் வீல் டிரைவ் ஹேட்ச்பேக். வளைவுக்குள்ள போனதும் முன்பக்கம் வெளியே தள்ளிக்கிட்டே போகுது. இன்னும் ஒடிச்சாலும் திரும்ப மாட்டேங்குது. என்ன செட்டிங் மாத்தணும் சார்?

ப: செட்டிங்கில் கை வைக்காதீர்கள், கோளாறு கையில்தான். சக்கரம் பார்க்கிற திசைக்கும் அது உண்மையில் உருள்கிற திசைக்கும் நடுவே ஒரு சின்னக் கோணம் இருக்கும். அதுதான் ஸ்லிப் ஆங்கிள். ரோட்டு ரேடியல் டயரில் ஏறக்குறைய 6 முதல் 10 டிகிரி வரை, கோணம் ஏற ஏற பிடிப்பும் ஏறும். அதற்கு மேல் இறங்கும். தள்ளுகிற நேரத்தில் இன்னும் ஒடிப்பது, ஏற்கெனவே உச்சியைத் தாண்டிவிட்ட டயரை மேலும் கீழே உருட்டுகிற வேலை.

செய்ய வேண்டியது: ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள், சட்டென்று விடாதீர்கள். ஸ்டீயரிங்கை 10, 15 டிகிரி திரும்ப நேராக்குங்கள். வளைவுக்குள் நேராக்க மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். டயர் மறுபடி பிடித்ததும் ஸ்டீயரிங்கில் கனம் திரும்பி வரும். இதையே முன்னெச்சரிக்கையாகவும் வைத்துக்கொள்ளலாம். பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் லேசாகிவிடும். டயர் கத்துவதைக் கேட்பதற்கு முன் கைக்குத் தெரிய வேண்டும்.

மூல காரணம் உள்ளே நுழைகிற வேகம். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், 0.9 ஜி (புவியீர்ப்பில் 0.9 பங்கு) பிடிக்கிற டயருக்கு உச்ச வேகம் சுமார் 75 கி.மீ. நீங்கள் 80-இல் நுழைந்தால் டயரிடம் 1 ஜி கேட்கிறீர்கள். வெறும் 5 கி.மீ.தான் கூட, ஆனால் தேவை வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. இல்லாததை டயர் எங்கிருந்து கொடுக்கும்?

கே: பிரேக்கை நேர் ரோட்டிலேயே முடிச்சுடணும்னு ஒருத்தர் சொல்றார், வளைவுக்குள்ளயும் பிடிக்கலாம்னு இன்னொருத்தர். எது சரி அண்ணா?

ப: முதல் நாள் முதலாமவர் சொல்வது. கை பழகிய பிறகு இரண்டாமவர்.

டயருக்கு ஒரே சம்பளம். பிரேக், திருப்பம், ஆக்ஸிலரேட்டர் மூன்றும் அதிலிருந்துதான் போக வேண்டும். ஆனால் கணக்கு நேர்க் கழித்தல் இல்லை, வட்டக் கணக்கு: பிரேக்கின் வர்க்கமும் திருப்பத்தின் வர்க்கமும் சேர்ந்ததுதான் மொத்தத்தின் வர்க்கம். மொத்தப் பிடிப்பில் பாதியை பிரேக்குக்குக் கொடுத்தால் திருப்பத்துக்குப் பாதி மிஞ்சும் என்று நினைப்பீர்கள். மிஞ்சுவது 87 சதவீதம். வளைவுக்குள் பிரேக்கை இழுத்துக்கொண்டு போவது லாபமாவது இதனால்தான். கூடவே எடை முன்னால் சாய்ந்து முன் டயரை அழுத்துகிறது, முன்பக்கம் கூர்மையாகத் திரும்புகிறது.

முறை: நேரில் முழு பிரேக். ஸ்டீயரிங் திரும்ப ஆரம்பிக்கும்போதே கால் விட ஆரம்பிக்க வேண்டும். கை எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு கால் மேலே வர வேண்டும், இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது மாதிரி. வளைவின் உள் முனையைத் தொடும்போது பிரேக் பூஜ்யம். சட்டென்று காலை எடுத்தால் முன்பக்கத்துக்கு வந்த எடை ஒரே நொடியில் பின்னால் ஓடி, கார் மறுபடி தள்ளும். அதிக நேரம் வைத்திருந்தால் பின்பக்கம் லேசாகி விலகும்.

கே: டயர் பிரஷர் எவ்வளவு வைக்கணும்?

ப: கதவுத் தூணில் ஒட்டியிருக்கிற அளவில் ஆரம்பியுங்கள். சூட்டு அளவுதான் முக்கியம். 32 டிகிரியில் 30 பிஎஸ்ஐ அடித்த டயர், உள்காற்று 75 டிகிரி ஆகும்போது 36-ஐத் தாண்டும். 10 டிகிரிக்கு ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ. நான்கு சுற்று ஓட்டிவிட்டு வந்த உடனே அளந்து, எழுதி வைத்து, பிறகு இறக்குங்கள். எவ்வளவு என்று கீழே உள்ள சாக்பீஸ் கோடு சொல்லும். சொந்த கேஜ் வாங்குங்கள். பங்க்கில் இருக்கிற கேஜை நம்பி ட்ராக்குக்கு வராதீர்கள்.

டயரின் தோளில் (தரையில் படும் பரப்பு பக்கச் சுவரோடு சேரும் இடம்) சாக்பீஸால் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். பக்கச் சுவர் வரை கோடு அழிந்திருந்தால் காற்று குறைவு. தோளின் விளிம்பே அழியவில்லை என்றால் கூடுதல்.

கே: நைட்ரஜன் அடிச்சா கிரிப் கூடுமா?

ப: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். ஈரமில்லாத காற்றாக இருந்தால் போதும்.

கே: 185 மி.மீ. அகல டயர்லிருந்து 205 போட்டா நல்லா பிடிக்கும்தானே?

ப: அதே காம்பவுண்ட் (ரப்பர் கலவை) என்றால் நீங்கள் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை.

கே (வேறொருவர், குறுக்கே): பள்ளிக்கூடத்துலயே படிச்சோமே, உராய்வு தொடும் பரப்பைச் சார்ந்ததில்லைன்னு. அகலத்துக்கும் பிடிப்புக்கும் சம்பந்தமே இல்லைன்னு நேரடியா சொல்லலாமே?

ப: அந்தப் பாடம் மரக்கட்டைக்கும் இரும்புக்கும். ரப்பர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. அது ரோட்டோடு ஒட்டுகிறது, கல்லின் மேடுபள்ளத்தில் அமுங்கி எழுகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் பிடிப்பு. சுமை இரட்டிப்பானால் பிடிப்பு இரட்டிப்பாகாது, குறைவாகவே கூடும். 1000 கிலோ கார், 0.5 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், 1.45 மீட்டர் இடது-வலது சக்கர இடைவெளி என்றால் 0.9 ஜி வளைவில் 310 கிலோ வெளிப்பக்கம் போகிறது. வெளி டயர்கள் 810, உள் டயர்கள் 190. வெளிப்பக்கத்துக்குக் கிடைக்கிற லாபம், உள்பக்கம் இழப்பதை ஈடுகட்டாது. உங்கள் பாடம் சரியென்றால் ஆன்டி ரோல் பார் (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கிற கம்பி) மாற்றி அண்டர்ஸ்டியரை, அதாவது முன்பக்கம் தள்ளுவதைக் குறைக்கவே முடியாது. முடிகிறது.

கே (அவரே): சரி, சுமைக் கணக்கை ஒத்துக்கறேன். ஆனா தொடும் பரப்பு சுமையை பிரஷரால வகுத்ததுதானே? அகல டயர்லயும் அதே பரப்புதான் வரும்!

ப: நல்ல அடி. 250 கிலோ, 32 பிஎஸ்ஐ என்றால் சுமார் 111 சதுர செ.மீ., உள்ளங்கையை விடக் கொஞ்சம்தான் பெரிது. 185 ஆனாலும் 205 ஆனாலும் ஏறக்குறைய அதுவே, வடிவம்தான் மாறும். பக்கச் சுவரும் கொஞ்சம் சுமை தாங்குவதால் கணக்கு முழுசாகப் பொருந்தாது. அதனால்தான் மேலே "எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை" என்றேன், "சம்பந்தமே இல்லை" என்று சொல்லவில்லை. அகலத்தின் லாபம் வேறிடத்தில்: அதிக ரப்பர் மேல் சூடு பரவுகிறது, அதனால் மென்மையான காம்பவுண்ட் தாங்குகிறது. மழையில் அதே அகலம் எதிரி, தண்ணீர் மேல் சீக்கிரம் மிதக்கும். பக்கச் சுவரில் ட்ரெட்வேர் (தேய்மான) எண் இருந்தால் பாருங்கள்: 200 ஒட்டும், 400 உழைக்கும். காசை அகலத்தில் போடாமல் அதில் போடுங்கள்.

கே (அவரே): அப்போ ஃபேக்டரி சைஸே போதும்?

ப: முதல் ஐந்து ட்ராக் நாளுக்குத் தாராளமாக.

கே: மழை பெஞ்சா எந்த லைன்ல போகணும்?

ப: காய்ந்தபோது போன லைனை விட்டுத் தள்ளி. ரப்பர் படிந்து வழவழப்பான அந்தப் பாதைதான் ஈரத்தில் முதலில் வழுக்கும். சொரசொரப்பான இடத்தைத் தேடுங்கள்.

கே: வளைவு நடுவுல பயந்து காலை எடுத்தேன், பின்பக்கம் சுத்திடுச்சு. டயர் மோசமா?

ப: டயர் சரி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுதான். பிரேக் பிடித்தது போலவே எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடுகிறது. பின்பக்கம் விலகும்போது பிரேக் மிதிக்காதீர்கள். போக வேண்டிய இடத்தைப் பார்த்து அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள், ஃப்ரன்ட் வீல் டிரைவ் என்றால் லேசாக ஆக்ஸிலரேட்டர். பின்பக்கம் திரும்பி வரும்போது ஸ்டீயரிங்கை அதே வேகத்தில் நேராக்க மறந்தால் எதிர்ப்பக்கம் சுற்றும். முதல் சுற்றலை விட அதுதான் சுவரில் கொண்டு விடும்.

கே: இஎஸ்பி ஆஃப் பண்ணலாமா?

ப: சறுக்கலைத் தானே அடக்குகிற வசதி அது. மேலே உள்ள பதிலை யோசிக்காமல் செய்ய முடிகிற நாள் வரை வேண்டாம்.

கே: கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு இருக்கே, அங்க பிராக்டிஸ்...

ப: எதிரே பஸ் வரும். அடுத்த கேள்வி.

கே: பிரஷர் எவ்வளவு?

ப: மேலே. சாக்பீஸ்.

கே: எனக்கு செடான், எனக்கும் அதே பிரஷரா?

ப: உங்கள் கதவுத் தூணில் உங்கள் எண் இருக்கும். மேலே, சாக்பீஸ்.

கே: மூணாவது சுற்றுல பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகுது.

ப: உடனே வேகத்தைக் குறைத்து வெளியே வாருங்கள், பிரேக் ஆயில் கொதிக்கிறது. புதிய டாட் 4 வகை ஆயிலுக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் குடித்த பிறகு 155. இரண்டு வருஷ ஆயிலோடு ட்ராக்குக்கு வராதீர்கள். முந்தைய வாரம் மாற்றி, நான்கு சக்கரத்து பிரேக் குழாயிலும் உள்ள காற்றை வெளியேற்றுங்கள். எப்போதுமே பிட்டுக்கு (ட்ராக் ஓரம் கார் நிறுத்துகிற இடம்) வரும் முன் ஒரு சுற்று முடிந்தவரை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நின்ற பிறகு ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சூட்டோடு பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள்.

கே: வீல் நட்?

ப: மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டுகிற ஸ்பேனர்) இறுக்குங்கள். முதல் ரவுண்டு முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி பாருங்கள். கூடவே பிரஷரும்.