மறுமொழி: இரண்டு வயது மகனுக்குக் கோப்பி நிறத்தில் சிறுநீர்

இன்றிரவே சுங்கை சிப்புட் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்துக் கிளினிக் காலையில் திறக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கச் சொல்லும் பக்கத்து வீட்டாரைப் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம்.

பாட்டியின் இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்த சட்டையைத் துவைக்காமல் அணிவித்த இரண்டாம் நாள் நிறம் மாறியதாக எழுதியிருக்கிறீர்கள். அப்பெட்டியில் பாச்சை உருண்டை இருந்திருந்தால், ஜி6பிடி (சிவப்பணுக்களைச் சேதத்திலிருந்து காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களை அதிலுள்ள நாப்தலீன் உடைத்திருக்கக்கூடும்; அப்படி உடைந்த அணுக்களின் நிறமி கலப்பதால்தான் சிறுநீர் கோப்பி நிறமாகிறது.

பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில் செய்த ஜி6பிடி பரிசோதனையின் முடிவு குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவேட்டையும் உருண்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். கண்வெள்ளை மஞ்சளாகவோ உள்ளங்கை வெளுத்தோ காணப்படாவிட்டாலும் புறப்படுங்கள்.

சிவப்பணுக்கள் உடையும் வேளையில் எடுக்கும் நொதிப் பரிசோதனை, குறைபாடு இருந்தாலும் இயல்பான அளவையே காட்டக்கூடும் என்பதால், சுமார் 3 மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனை கேளுங்கள்.