எந்தச் சான்றிதழ் செல்லும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாதர் சங்கம் நடத்தும் முன்பள்ளி ஒன்றில் 8 ஆண்டுகளாகப் படிப்பிக்கிறேன், சாதாரண தரம் வரை படித்தவள். சென்ற ஆண்டு தனியார் நிறுவனம் ஒன்றில் பணம் கட்டி, மூன்றே வார இறுதிகளில் ‘டிப்ளோமா’ ஒன்று பெற்றேன். அதைக் காட்டிய இடத்தில் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இனி எதைப் படிப்பது?
– வாசகி ஒருவர், மூதூர்

பதில்: சகோதரி, கட்டிய பணத்தை மீட்கும் வழி எனக்குத் தெரியாது, அடுத்த முறை கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்ல முடியும். தொழிற்பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்வது 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு. ஆனால் நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு, அது நடத்தும் குறித்த பாடநெறி தரச் சான்று பெற்றிருப்பது வேறு. பலரும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான். சுவரில் மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழைப் பார்த்துத் திருப்தியடையாமல், “இந்தப் பாடநெறி முடிந்தால் என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) கிடைக்குமா, எத்தனையாம் மட்டம்?” என்று எழுத்தில் கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.

தேசிய தொழில் தகைமையில் 7 மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ்கள், 5 உம் 6 உம் டிப்ளோமாக்கள், 7 பட்டத்துக்குச் சமமானது. மூன்று வார இறுதிகளில் டிப்ளோமா என்பது எவ்வளவு பொருந்தாப் பேச்சு என்பது இதிலிருந்தே விளங்கும். முன்பள்ளி ஆசிரியருக்கு உரியது பொதுவாக 4 ஆம் மட்டம். உங்களைப் போன்று கையில் அனுபவமும் குறைவான தாள்களும் உள்ளவர்களுக்காக, வேலை செய்து கற்றதை மதிப்பிட்டுத் தகைமை வழங்கும் ஏற்பாடும் இம்முறையில் உண்டு. மதிப்பீட்டாளர் நீங்கள் செய்துகாட்டுவதைப் பார்த்து, கேள்வி கேட்டு, நீங்கள் திரட்டிவைத்த ஆதாரங்களைச் சரிபார்ப்பார். ஆகவே இன்றே ஒரு கோவையைத் தொடங்குங்கள்: கிழமைத் திட்டங்கள், பிள்ளைகளைப் பற்றிய அவதானிப்புக் குறிப்புகள், நீங்களே செய்த கற்பித்தல் சாதனங்களின் படங்கள், சங்கம் தரும் சேவைக் கடிதம். எட்டு வருடக் குறிப்புகளில் பாதியாவது பழைய கொப்பிகளுக்குள் கிடக்கும் என்று நினைக்கிறேன், எறிந்துவிடாதீர்கள்.

ஆறுதலாகப் படிக்க விரும்பினால் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம் முன்பள்ளிக் கல்விச் சான்றிதழ்ப் பாடநெறியை நடத்துகிறது. விவரங்களை மட்டக்களப்பு நிலையத்திலும் விசாரிக்கலாம். குறுகிய பயிற்சிகள், பதிவு முதலியவற்றுக்குக் கிழக்கு மாகாண முன்பள்ளிக் கல்விப் பணியகத்தையும், பிரதேச செயலகத்திலுள்ள முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரையும் நாடுங்கள். உத்தியோகத்தரின் பட்டியலில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் இல்லாவிட்டால், அடுத்த ஊரில் பயிற்சி நடந்தாலும் அது முடிந்த பிறகுதான் உங்கள் காதுக்கு எட்டும்.

கேள்வி: பயிற்சிக்குப் போய் வந்த பின் கொப்பியில் எழுத வைப்பதைக் குறைத்து, விளையாட்டைக் கூட்டினேன். ‘மூன்றரை வயதாகியும் அ, ஆ எழுதத் தெரியவில்லை’ என்று பெற்றோர் கோபிக்கிறார்கள்.
– ஆசிரியை, நிலாவெளி

பதில்: விரிவுரையால் இந்தக் கோபம் தணியாது, கண்ணால் கண்டால் தணியும். ஒரு காலையில் பெற்றோரை அழைத்து, பிள்ளை மணல் தட்டில் விரலால் கோடு இழுப்பதையும், புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பொறுக்கிப் போத்தலுக்குள் போடுவதையும் பார்க்க வையுங்கள். (கொட்டையை மூக்குக்குள் செருகும் வயது இது; பக்கத்திலேயே இருங்கள்.) பென்சிலைப் பிடிக்கப் போவது அந்த இரண்டு விரல்கள்தான் என்றும், அந்த வயதில் மணிக்கட்டு எலும்புகள் இன்னும் முழுமையாக உருவாகவில்லை என்றும் அவ்வேளையில் சொன்னால் ஏற்றுக்கொள்வார்கள். பிள்ளைகள் அன்று வரைந்த படங்களுக்குப் பின்னால் திகதியை எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதங்கள் கழித்து அதே பெற்றோரிடம் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். மேலே மூதூர்ச் சகோதரிக்குச் சொன்ன கோவைக்குள் உங்கள் பெயரில் வைப்பதற்கும் அவை உதவும்.