கொதிக்கிறோம் சரி, அப்புறம்? – வாசகர் கேள்வி பதில்

2020-ல் கேரளத்தில் வெடியைக் கடித்து கர்ப்பிணி யானை செத்தபோது நானும் தோழிகளும் நாள்கணக்கில் அதைப் பற்றியே எழுதினோம், பகிர்ந்தோம், அழுதோம். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் மறந்துபோயிற்று. இந்தக் கோபத்தால் யாருக்கு என்ன லாபம்?
*– வாசகி, மதுரை*

கோபம் வந்தது சரிதான், அதற்காக வெட்கப்பட வேண்டாம். வாயும் தாடையும் சிதைந்து, எதையும் தின்ன முடியாமல் அலைந்து, மன்னார்க்காடு பக்கம் வெள்ளியாற்றில் இறங்கி, தும்பிக்கையைத் தண்ணீருக்குள் விட்டபடி நின்று மே 27 அன்று செத்த யானை அது. கும்கிகளைக் கொண்டுவந்தும் கரையேற்ற முடியவில்லை. அங்கே இருந்த வனத்துறை ஊழியர் ஒருவர் முகநூலில் எழுதியதால்தான் நமக்கெல்லாம் தெரியவந்தது.

ஆனால் அந்தக் கோபம் எந்தப் பக்கம் போனது என்று பாருங்கள். யானை செத்தது பாலக்காடு மாவட்டத்தில். மலப்புரம் என்று யாரோ சொல்ல, பெரிய தலைவர்களே அதைத் திருப்பிச் சொல்ல, அந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் அதிகம் என்பதால் யானையை விட்டுவிட்டு மதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அன்னாசிப் பழத்தில் வெடி வைத்து யானைக்கு ஊட்டினார்கள் என்றும் பரவியது. யாரும் ஊட்டவில்லை. காட்டுப்பன்னிக்கு வைத்த வெடி, அதுவும் தேங்காய்க்குள் வைத்தது என்று, ஒருவர் கைதான பிறகு வனத்துறை சொன்னது. அதற்குள் திட்டியவர்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு வருத்தம் இதில்தான். அங்கே பன்னிப்படக்கம் என்று சொல்வதற்கு நம் பக்கம் அவுட்டுக்காய் என்று பெயர். கோவை வனக்கோட்டத்திலும் அதைக் கடித்து யானைகள் செத்திருக்கின்றன, மேய்ச்சலுக்குப் போன மாடுகள் வாய் கிழிந்து திரும்பியிருக்கின்றன. வெடிமருந்து எங்கிருந்து வருகிறது, யார் உருட்டி விற்கிறார்கள், பன்னி அழித்த மரவள்ளிக்கும் வாழைக்கும் இழப்பீடு எத்தனை மாதம் கழித்து வருகிறது, வருகிறதா இல்லையா, இதெல்லாம் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். பன்னியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு உள்ளாட்சிகளிடம் கொடுத்தது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில், காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்னிகளை வனத்துறையே சுடலாம் என்று அரசு அறிவித்தது. நீங்கள் அதை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம், அது வேறு. அதற்குப் பிறகு அவுட்டுக்காய் குறைந்ததா என்று கேட்க உங்களுக்கும் உங்கள் தோழிகளுக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. கைதான ஒருவரின் தண்டனையோடு உங்கள் கோபம் முடிந்துவிட்டால் அடுத்த தேங்காய் அப்படியேதான் இருக்கும்.

மசினகுடியில் டி-23 புலியைச் சுடச் சொன்னோம் என்று எங்களைத் திட்டாத ஆள் இல்லை. ஆடு மாடு வைத்துப் பிழைக்கிறோம், ஆட்களும் செத்தார்கள். நகரத்தில் உட்கார்ந்துகொண்டு ‘காட்டை ஆக்கிரமித்தது நீங்கள்தானே’ என்கிறார்கள். இவர்களுக்கு என்ன தெரியும்?
*– வாசகர், கூடலூர்*

உங்கள் கோபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். புலியைக் கொல்ல வேண்டாம், உயிரோடு பிடியுங்கள் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் எனக்குச் சரி என்றே படுகிறது. வனத்துறை ஆட்கள் வாரக்கணக்கில் காட்டில் அலைந்து, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். புலியும் பிழைத்தது, நீங்களும் பயமில்லாமல் தேயிலைத் தோட்டத்துக்குள் போக முடிந்தது. அந்த நாட்களில் வீட்டை விட்டு வெளியே வரப் பயந்த தோட்டத் தொழிலாளியை ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று எழுதியதை மன்னிக்க முடியவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் எஸ்டேட் லைன் வீட்டில் இருப்பவர்கள், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. 2015 ஜூலையில் ஸிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவை ஒட்டிய நிலத்தில் சிசில் என்ற சிங்கத்தை அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் பணம் கட்டி வேட்டையாடினார். அம்பால் காயப்படுத்தி, பல மணி நேரம் கழித்துக் கொன்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழுத்துப் பட்டை மாட்டிப் பின்தொடர்ந்துகொண்டிருந்த சிங்கம் அது. உலகமே கொதித்தது, அந்த மருத்துவரின் கிளினிக் வாசலில் கூட்டம் கூடி மூட வைத்தார்கள். அப்போது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஸிம்பாப்வே மாணவர் ஒருவர் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். சின்ன வயதில் அவர் ஊர்ப்பக்கம் ஒரு சிங்கம் திரிந்ததாம், வெளியே போகவே நடுங்குவார்களாம், அது கொல்லப்பட்ட அன்று ஊரே ஆடிப் பாடியதாம். எங்கள் ஊரில் மனிதர்கள் செத்தால் பேசாதவர்கள் சிங்கத்துக்கு அழுகிறீர்களே என்று கேட்டார். அவரையும் திட்டினார்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவர் ஞாபகம்தான் வந்தது.

அந்தக் கொதிப்பு முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். சில வாரங்களில் பெரிய அமெரிக்க விமான நிறுவனங்கள் வேட்டையில் கொன்ற மிருகங்களின் தலை, தோல் போன்றவற்றை ஏற்ற மறுத்தன. அந்த ஆய்வுக் குழுவுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்கா சிங்கங்களைத் தன் அருகிவரும் உயிரினச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஆனால் மருத்துவர் மீது வழக்கே இல்லை, ஸிம்பாப்வே அரசே அவருடைய காகிதங்கள் ஒழுங்காக இருந்தன என்று சொல்லிவிட்டது. 2017-ல் சிசிலின் மகன் ஸாண்டாவையும் அதே பூங்காவுக்கு வெளியே ஒரு வேட்டைக்காரர் சுட்டார். அதன் கழுத்திலும் பட்டை இருந்தது.

பூங்கா எல்லையில் வாழ்கிற குடும்பத்துக்கு மாட்டுக்கு நஷ்டம் யார் கொடுப்பது, வேட்டைப் பணத்தில் அந்த ஊருக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது, வேட்டை நின்றால் அந்தப் பணம் வேறு எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் கிளினிக் வாசலில் நின்று கேட்க முடியாது. உங்களைப் போன்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

காஸாவில் குழந்தைகள் சாகிறார்கள், சூடானில் பட்டினி. இந்த நேரத்தில் யானை, சிங்கம் என்று எழுதுவது உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா?
*– வாசகர், திருச்சி*

படுகிறது. ஒன்றுக்கு அழுதால் இன்னொன்றுக்குக் கண்ணீர் தீர்ந்துவிடாது. காஸாவுக்காகக் குரல் கொடுங்கள், சத்தமாகவே கொடுங்கள், நானும் கொடுக்கிறேன்.

ஆனால் இது வேறு, அது வேறு என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் முரண்படுகிறேன். பிரேசிலில் ஜவாரி பள்ளத்தாக்கில் 2022 ஜூனில் புரூனோ பெரெய்ராவையும் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டாம் பிலிப்ஸையும் சுட்டுக் கொன்றார்கள். பழங்குடி நிலத்துக்குள் புகுந்து மீனும் ஆமையும் திருடுகிறவர்களைப் புரூனோ எதிர்த்தார். அவர் பழங்குடி நலத்துறையில் பொறுப்பில் இருந்தவர், சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களை அழிக்கும் நடவடிக்கைக்குப் பிறகு 2019-ல் அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். காங்கோவின் விருங்கா பூங்காவில் 2020 ஏப்ரலில் ஒரே தாக்குதலில் காவலர்கள் 12 பேர் செத்தார்கள், அடுத்த ஜனவரியில் இன்னும் 6 பேர். கொரில்லாவின் காட்டைக் காப்பது என்றால் அங்கே ஆயுதக் குழுக்களுக்கும் கரி வியாபாரிகளுக்கும் நடுவில் நிற்பது. இதில் எது மனிதச் செய்தி, எது விலங்குச் செய்தி என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். நம் காடுகளிலும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் எத்தனையோ பேர் பழங்குடி இளைஞர்கள், தொகுப்பூதியத்தில் வருஷக்கணக்காக ஓட்டுகிறார்கள். புலிக்கு அழுகிறவர்கள் அவர்கள் சம்பளத்துக்கும் பேசினால் நான் இன்னும் சந்தோஷப்படுவேன்.

அமேசான் தீயின்போது பழைய படங்களைப் பகிர்ந்தார்கள் என்று சிலர் குறை சொன்னார்கள். நோக்கம் நல்லதுதானே, படம் பழையதானால் என்ன?
*– வாசகி, சேலம்*

நிறைய கெடுதல். 2019 ஆகஸ்டில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் பகிர்ந்த படத்தை எடுத்தவர் 2003-லேயே காலமானவர். தீ நிஜம், படம் அன்றைய தீயுடையது இல்லை. எல்லாமே வெளிநாட்டுக்காரர்களின் பொய் என்று சொல்லக் காத்திருந்த பிரேசில் அரசுக்கு அது கையில் கிடைத்த சாக்கு. அதே மாதம்தான் காடழிப்பைச் செயற்கைக்கோள் மூலம் அளக்கும் அரசு நிறுவனத்தின் தலைவர் ரிகார்டோ கல்வாவ் பதவியிழந்தார், அவர் நிறுவனம் சொன்ன கணக்கு அதிபர் போல்சனாரோவுக்குப் பிடிக்கவில்லை. படத்துக்குப் பதில் அவரைப் பற்றி எழுதியிருக்கலாம்.

என் பையன் கைகளைத் தூக்கிக்கொண்டு கிச்சுகிச்சு வாங்கும் தேவாங்கு வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். தடுக்கலாமா?
*– வாசகர், திண்டுக்கல்*

தடுப்பதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அது ஆசியக் காடுகளில் வாழும் ஸ்லோ லோரிஸ், நம் தேவாங்குக்குச் சொந்தம். கையைத் தூக்குவது சந்தோஷத்தில் இல்லை, பயத்தில். முழங்கைக்குள் இருக்கும் சுரப்பியில் வாயை வைத்து நச்சைக் கடிக்குச் சேர்த்துக்கொள்ள அது அப்படித்தான் தயாராகும். வளர்க்க விற்கிறவர்கள் அந்தப் பற்களை மயக்க மருந்துகூட இல்லாமல் வெட்டிவிடுகிறார்கள். 2009-ல் வந்த அந்த மாதிரி ஒரு வீடியோவின் கீழே இருந்த கருத்துகளை ஆராய்ந்து 2013-ல் ஒரு ஆய்வு வந்தது. எனக்கும் ஒன்று வேண்டும் என்று எழுதியவர்கள் அதில் நிறையப் பேர்.

அப்புறம், நீங்கள் திண்டுக்கல்காரர். 2022-ல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவித்தார்கள், தேவாங்குக்கென்றே இந்தியாவில் முதல் சரணாலயம். பையனிடம் அதைச் சொல்லுங்கள், அவன் ஊர்ப் பக்கத்திலேயே அது ராத்திரியில் மரத்தில் பூச்சி பிடித்துத் தின்கிறது என்று தெரிந்தால் அந்த வீடியோ தானாகவே அலுத்துவிடும்.

இவ்வளவு சொல்கிறீர்கள், ஊர் உலகம் கத்தியதால் ஒரு உயிரினம் உண்மையிலேயே பிழைத்த கதை ஒன்றாவது உண்டா?
*– வாசகர், நாகர்கோவில்*

உண்டு, நாகாலாந்தில். ஒவ்வொரு அக்டோபரிலும் சைபீரியா, வட சீனப் பக்கமிருந்து அமூர் வல்லூறுகள் தென்னாப்பிரிக்காவுக்குப் போகிற வழியில் வோக்கா மாவட்டத்து டோயாங் அணைப் பக்கம் லட்சக்கணக்கில் இறங்கும். 2012-ல் ஒரு சிறு குழு அங்கே போய், அடையும் இடத்தில் மீன்வலையைக் கட்டி அவற்றைப் பிடித்துக் கொல்வதைப் படமெடுத்து வெளியிட்டது. ஒரு பருவத்தில் 1,20,000-லிருந்து 1,40,000 வரை என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். பார்த்தவர்களுக்கு ரத்தம் கொதித்தது, நாகர்களை இன்னதென்று இல்லாமல் ஏசினவர்களும் இருந்தார்கள்.

ஏச்சோடு நின்றிருந்தால் அடுத்த வருஷமும் வலை கட்டியிருப்பார்கள். அப்படி நடக்கவில்லை, காரணம் சிலர் அந்த ஊருக்குத் திரும்பப் போனார்கள். பாங்டி கிராமத்து ஜனங்கள் வயலை அணைக்குப் பறிகொடுத்தவர்கள், மீன் பிடிக்க வந்தவர்கள், பறவை அவர்களுக்குக் கைக்கு வந்த காசு. அதைப் புரிந்துகொண்டு கிராம சபைகளோடும் தேவாலயங்களோடும் உட்கார்ந்து பேசினார்கள், பள்ளிப் பிள்ளைகளிடம் பேசினார்கள். பாங்டியும் பக்கத்து கிராமங்களும் தாங்களே தடை போட்டன, மீறினால் அபராதம். 2013-ல் அங்கே வலையில் ஒரு பறவைகூடச் சாகவில்லை. அந்த நவம்பரில் மூன்று பறவைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டி நாகா, வோக்கா, பாங்டி என்று பெயர் வைத்தார்கள். நம் ஊர்ப் பெயரில் ஒரு பறவை அரபிக் கடலைத் தாண்டுகிறது என்று ஜனங்கள் சேதி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே வருஷத்தில் இவ்வளவும் நடந்தது என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு மனசு நிறைகிறது. முந்தின வருஷம் வலை கட்டிய அதே ஆட்கள்தான் அடுத்த வருஷம் காவல் நின்றவர்கள். அவர்களைச் சிறைக்கு அனுப்பியிருந்தால் காவலுக்கு யார் வந்திருப்பார்கள்?

வாட்ஸ்ஆப் குழுவில் ஒருவர் பச்சைக்கிளிக் குஞ்சுகளை விற்கிறார். வீடியோவை எல்லோருக்கும் அனுப்பி அவர் மானத்தை வாங்கட்டுமா?
*– வாசகி, வேலூர்*

வேண்டாம், அது அவருக்கு விளம்பரம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியை விற்பதும் குற்றம், கூண்டில் வளர்ப்பதும் குற்றம். பதிவை, எண்ணை, தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புங்கள். பதில் வரவில்லையென்றால் மறுபடி அனுப்புங்கள், நேரிலும் போய்க் கேளுங்கள். பாவம் என்று நீங்களே காசு கொடுத்து வாங்கிப் பறக்கவிடாதீர்கள், அந்தக் காசுக்கு அவர் இன்னொரு மரப்பொந்தில் கை விடுவார்.